செயல்விளக்கப் பண்ணையில் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள எக்கோ பண்ணையைப் பார்வையிடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. தாழ்நிலம், மலைச்சரிவு, மழை குறைந்த வறண்ட நிலம், நகரத்துத் தோட்டம் என ஒவ்வொரு சூழலுக்கும் தனிப் பகுதி அமைத்து, வளரும் நாடுகளின் சிறு உழவர்களுக்கு ஏற்ற முறைகளை அங்கே கற்பிக்கிறார்கள். நான் உழவர்களிடம் புதிய முறைகளைக் கொண்டுசேர்க்கும் வேளாண் விரிவாக்கப் பணியில் சேர இருப்பவன். சில மணி நேரச் சுற்றில், செழிப்பைப் பார்த்து வியப்பதோடு நின்றுவிடாமல், உழவருக்குப் பயன்படும் செய்திகளை அறிந்துவர என்னென்ன கேட்க வேண்டும்?

மறுமொழி 1:
முதலில் ஆள்வேலையைப் பற்றிக் கேளுங்கள். பாத்தி செழித்திருப்பது கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் சுமந்தது யார், மூடாக்குக்கான இலைதழை எங்கிருந்து வந்தது, எத்தனை முறை களையெடுக்க நேர்ந்தது என்பவை கேட்டால்தான் தெரியவரும். புர்கினா பாசோவின் ஜாய் குழிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இறுகிப்போன நிலத்தில் மழைக்கு முன்பே சிறு குழிகள் வெட்டி, எருவிட்டு, தேங்கும் மழைநீரில் கம்பும் சோளமும் விளைவிக்கும் அந்த முறை, தரிசாய்க் கிடந்த நிலங்களை மீட்டிருக்கிறது. ஆனால் கோடையில் கெட்டித்தரையை வெட்ட ஆளும், எருவுக்குக் கால்நடையும் இல்லாத குடும்பத்துக்கு அது எளிதில் எட்டாது. பண்ணையில் காட்டும் முறையைக் கையாளாத பாத்தி ஒன்று அருகிலேயே ஒப்பீட்டுக்காக விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால், விளைச்சல் அந்த முறையால் வந்ததா, நல்ல மண்ணால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு, பாத்தியின் வயதையும் கேளுங்கள் என்பேன். ஒரு முறையின் குறை சில ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், 1970களில், ஒரு பயிற்சிப் பண்ணை சரிவு நிலங்களுக்கென்று ஒரு முறையை உருவாக்கியது. 'ஏ' வடிவ மரச்சட்டத்தால், சரிவில் ஒரே உயரத்தில் செல்லும் சமஉயரக் கோடுகளைக் கண்டறிந்து, நான்கைந்து மீட்டர் இடைவெளியில் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் நிலைநிறுத்தும் செடிகளை நெருக்கமான வரிசைகளாக நட்டு, அவற்றை அவ்வப்போது கவாத்து செய்து, அந்தத் தழையை இடையிலுள்ள பயிருக்கு இடுவார்கள். அரித்து வரும் மண் வரிசைகளில் தங்கி, காலப்போக்கில் படிமேடாகிவிடும். முதலில் அவர்கள் பெரிதும் நம்பியிருந்தது விரைவாக வளரும் சூபாபுல் மரத்தை. 1980களின் நடுவில் ஒருவகைச் சாறுண்ணிப் பூச்சி அதைத் தாக்கியபின், பலவகைச் செடிகளைக் கலந்து நடத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட வரலாறுதான் பயணத்தின் உண்மையான பலன். ஆகவே, "எதைக் கைவிட்டீர்கள், ஏன்?" என்று தயங்காமல் கேளுங்கள், நல்ல பண்ணையில் அதற்கு விரிவாகவே பதில் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அங்கிருந்து விதைகளைக் கொண்டுவந்து உழவர்களுக்குக் கொடுக்கலாமா?

மறுமொழி 1:
பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். விதையோடு நோயும் பூச்சியும் எல்லை கடக்கக்கூடும் என்பதால், இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் தேவையா என்று நீங்கள் செல்லும் நாட்டின் தாவரத் தனிமைப்படுத்தல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஓரிடத்தில் வரமாக இருக்கும் செடி வேறோரிடத்தில் களையாகப் பரவுவதும் உண்டு. மேலே நண்பர் குறிப்பிட்ட சூபாபுலே, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் முதலில் சிறு பாத்தியில் வளர்த்து, ஒரு பருவமாவது கவனித்த பிறகே பகிர்ந்து கொடுங்கள்.