அம்பாசடர் மேனிஃபோல்டு மாற்றியாச்சு, வேக்யூம் (உறிஞ்சல்) குழாய்களை எங்கே கொடுப்பது?

மார்த்தாண்டம் வண்டிக்காரன்:
பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர். இன்டேக் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றும் பெட்ரோலும் போகும் குழாய்) விரிசல் விட்டதால் நாகர்கோவிலில் வேறொன்று வாங்கி மாட்டினேன். பழையதில் ஒரு துளை, இதில் நடுவில் இரண்டு, ஓரத்தில் ஒன்று. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குப் பொறி பகிர்வது), பிரேக் சர்வோ (உறிஞ்சலால் பிரேக் மிதியை லேசாக்குவது), இன்ஜினுக்குள்ளே சேரும் புகை, மூன்று குழாயையும் எங்கே கொடுக்கணும்?

தக்கலை பட்டறை:
தம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் குழாய் மேனிஃபோல்டுக்கே வேண்டாம். கார்புரேட்டரில் த்ராட்டில் தட்டுக்கு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் தட்டு) சற்று மேலே மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் செருகு. ஐடிலில் அங்கே உறிஞ்சல் இருக்காது, ஆக்சிலேட்டரைத் தொட்டால்தான் வரும். மேனிஃபோல்டில் கொடுத்தால் ஐடிலிலேயே டைமிங் (பொறி விழும் நேரம்) முன்னே ஓடிவிடும்.

சர்வோவுக்கு நடுவில் உள்ள பெரிய துளை. ஒருவழி வால்வை மறந்துடாதே. புகைக்குழாயை பிசிவி வால்வு (இன்ஜின் புகையை மேனிஃபோல்டு பக்கம் மட்டும் விடும் வால்வு) வழியாக நடுவிலேயே, கார்புரேட்டருக்குக் கீழே கொடு. ஓரத்தில் கொடுத்தால் வம்பு. இந்த இன்ஜினில் இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒரே இன்டேக் வழி, அந்த ஜோடிக்கு மட்டும் காற்று கூடி வண்டி துள்ளும். ஓரத்துத் துளையை அடைத்துவிடு. அப்புறம் ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி அந்த வாயில் ஒரு தாளை வை. லேசாக இழுத்துப் பிடித்தால் சரி.

குளச்சல்காரர்:
மெல்லிய ஹோஸ் போட்டால் சர்வோ உறிஞ்சும்போது அமுங்கிவிடும், தடித்ததாக வாங்குங்க. எக்ஸாஸ்ட்டும் அதே பக்கம்தான், ஹோஸ் அதில் படாமல் கிளிப் போட்டுத் தூக்கிக் கட்டுங்க.

மார்த்தாண்டம் வண்டிக்காரன்:
சரிண்ணே. பிசிவி வால்வுக்கு எந்தப் பக்கம் மேனிஃபோல்டு?

தக்கலை பட்டறை:
ஊதிப் பார். எந்தப் பக்கம் ஊதினால் காற்று போகிறதோ அது இன்ஜின் பக்கம். மறுபக்கம் மேனிஃபோல்டுக்கு.