வீட்டுக்குக் கார்பெட்: கம்பளியா, செயற்கை இழையா?

சொந்த வீட்டுக்குக் குடிபோகிறோம், இரண்டு சின்னக் குழந்தைகள், கம்பளி கார்பெட் போடலாமா, செயற்கை போதுமா என்று கேட்டிருந்தீர்கள். சுவருக்குச் சுவர் விரித்துப் பொருத்தும் கார்பெட்டோடு வளராதவர்களுக்கு இது குழப்பமான விஷயம்தான். ஒரு கடையில் கம்பளிதான் உசத்தி என்பார்கள். அடுத்த கடையில் இந்தக் காலத்தில் யார் கம்பளி வாங்குகிறார்கள் என்பார்கள். வாங்கிப் போட்டுவிட்டால் பத்துப் பதினைந்து வருஷம் அதன் மேல்தான் நடக்கப் போகிறீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கருத்து. வீடு முழுக்க ஒரே கார்பெட் என்று யோசிப்பதை விடுங்கள். அறைக்கு அறை தேவை வேறு. இன்னொன்று, "செயற்கை" என்பது ஒரே பொருள் இல்லை. நல்ல நைலானுக்கும் கம்பளிக்கும் உள்ள தூரத்தைவிட, நைலானுக்கும் பாலிப்ரோப்பிலீனுக்கும் உள்ள தூரம் அதிகம். கடையில் "இது சிந்தெடிக்" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். சாம்பிளைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். எந்த இழை, எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும்.

செயற்கையில் நைலான்தான் உழைப்பாளி. மிதித்து நசுங்கினாலும் எழுந்து நிற்கும். அதன் பலவீனம், சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். பழச்சாறு, குளிர்பானங்களில் இருக்கும் நிறங்களையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். இதைத் தடுக்கத் தொழிற்சாலையில் மேலே ஒரு பூச்சு கொடுப்பார்கள். அது காலப்போக்கில் தேய்ந்துபோகும். இதற்கு நல்ல மாற்று 'சொல்யூஷன் டைட்' நைலான். இழையை இழுப்பதற்கு முன்பே, உருகிய நிலையிலேயே நிறத்தைக் கலந்துவிடுவார்கள். இழையின் உள்வரை நிறம் நிரம்பியிருப்பதால் வெளிக்கறை போய் உட்கார இடம் குறைவு, வெயிலிலும் சுலபமாக வெளுக்காது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

பாலியெஸ்டர் கைக்கு மெத்தென்று இருக்கும், நிறமும் பளிச்சென்று இருக்கும். தண்ணீரில் கரையும் கறை அவ்வளவாக ஒட்டாது. ஆனால் நடமாட்டம் உள்ள இடத்தில் படுத்துவிடும், படுத்தது எழாது. விருந்தினர் அறைக்குச் சரி, கூடத்துக்குச் சரிவராது. ட்ரையெக்ஸ்டா என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதுவும் பாலியெஸ்டர் குடும்பம்தான், ஆனால் எழுந்து நிற்பதில் அதைவிடத் தேவலை.

பாலிப்ரோப்பிலீன்தான் எல்லாவற்றிலும் மலிவாகக் கிடைப்பது. ஈரத்தை உறிஞ்சவே உறிஞ்சாது, கறையும் பிடிக்காது. அதனால் கடையில் துண்டைப் பார்க்கும்போது மனசு அதன் பக்கம் சாயும். இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தில் இருக்கும் எண்ணெய்ப்பசையே போதும், நடைபாதை மட்டும் கறுத்துத் தெரியும். அடுத்தது சூடு. ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பருத்தித் துணிக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப்பெட்டி 200 டிகிரியைத் தொடும், கைதவறி விழுந்தால் அந்த இடம் பிளாஸ்டிக்காகக் கட்டிப் போய்விடும். கனமான சோபாவை வேகமாக இழுத்தால் உராய்வுச் சூட்டிலேயே பளபளவென்று ஒரு கோடு விழும். அது துடைத்தால் போகிற அழுக்கு இல்லை, இழை உருகிய தடம்.

இப்போது கம்பளி. ஆட்டு ரோமத்துக்கு இயல்பிலேயே சுருள் உண்டு, அதனால் நசுங்கி நசுங்கி எழும். காற்றிலுள்ள ஈரத்தைத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உள்வாங்கினாலும் கைக்கு ஈரமாகத் தெரியாது. அறையில் ஈரம் கூடினால் எடுத்துக்கொள்ளும், வறண்டால் திருப்பிக் கொடுக்கும். பாலியெஸ்டர் அப்படி வாங்குவது அரை சதவீதம்கூட இருக்காது. தீ விஷயத்திலும் கம்பளி நல்லது. பற்றிக்கொள்ளவே 570 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பற்றினாலும் உருகி வழியாமல் கரியாகும், நெருப்பை எடுத்துவிட்டால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். தரையில் தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

கம்பளியின் இன்னொரு குணத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். சாம்பிள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். முத்து மாதிரி உருண்டு மேலேயே நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் மெல்ல இறங்கும். இழையின் வெளித்தோலில் இயற்கையாகவே ஒரு கொழுப்புப் படலம் இருப்பதால்தான் இப்படி. ஏதாவது கொட்டினால் துணி எடுக்க ஓடும் நேரத்தை அது உங்களுக்குத் தரும். ஆனால் அந்த நேரத்துக்குள் ஓட வேண்டும். ஒருமுறை உள்ளே இறங்கிய கறையைக் கம்பளி லேசில் விடாது.

கம்பளி கார்பெட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மிதி இல்லை, தவறான சுத்தம்தான். கம்பளி ஒரு புரதம். துணி துவைக்கும் பவுடர்களில் புரதக் கறையைச் செரிக்கும் என்ஸைம் சேர்க்கிறார்கள், அது கறையோடு சேர்த்துக் கம்பளியையும் அரிக்கும். குளோரின் பிளீச் பட்டால் இழை மஞ்சளாகிக் கரைந்தே போகும். சலவைச் சோடா போன்ற காரத்தன்மை (ஆல்கலி) உள்ள பொருளும் ஆகாது. கம்பளிக்கென்று சோதித்து 'வூல்சேஃப்' முத்திரை பெற்ற திரவங்கள் கிடைக்கின்றன, அவற்றில் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துவிடுங்கள். கறை பட்டால் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் கறை பரவும். தண்ணீரைக் கொட்டி ஊறவும் விடாதீர்கள். கம்பளி காய நேரமாகும். அடியில் சணல் இருந்தால் பழுப்பு நிறம் மேலே ஏறிவரும்.

அப்புறம் பூச்சி. துணி அந்துப்பூச்சியின் புழுவும் கார்பெட் வண்டின் புழுவும் கம்பளியைத் தின்று வளர்பவை. நடமாட்டம் உள்ள இடத்தில் அவ்வளவாக வராது. கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், யாரும் தொடாத இருட்டில்தான் வேலையைக் காட்டும். தொழிற்சாலையிலேயே பூச்சிக்கு மருந்து ஏற்றிய கம்பளியா என்று கேட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறையாவது சாமான்களை நகர்த்தி வேக்கூம் போடுங்கள். புதுக் கம்பளி முதல் சில மாதம் பஞ்சு பஞ்சாக உதிர்க்கும். தயாரிக்கும்போது தங்கிய குட்டை இழைகள் அவை. தரக்குறைவு என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். இளைய குழந்தைக்கு இன்னும் டயப்பர் என்றீர்கள். அந்த அறைக்குக் கம்பளி வேண்டவே வேண்டாம். சிறுநீர் காயக் காயக் காரத்தன்மை அடையும், கம்பளியின் சாயத்தையே இழுத்துவிடும், வாடையும் உள்ளே தங்கும். அங்கே சொல்யூஷன் டைட் நைலான் போடுங்கள். கூடத்தில் நீங்கள் எல்லோரும் தரையில் உட்கார்வீர்கள், படுப்பீர்கள், குழந்தைகள் விளையாடுவார்கள் என்றால் அங்கேயும் இப்போதைக்கு நைலான்தான். பெரியவர்கள் படுக்கும் அறையில் கம்பளி போடுங்கள். கொட்டுவது குறைவு, காலையில் கால் வைத்தவுடன் அதன் சுகம் தெரியும், நீண்ட நாள் வரும். பிள்ளைகள் வளர்ந்தபின் கூடத்துக்கும் கம்பளி பார்த்துக்கொள்ளலாம்.

இழையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அடர்த்தி இல்லாவிட்டால் எந்த இழையும் நிற்காது. ஒரு சாம்பிளை எடுத்து, இழை வெளிப்பக்கம் வரும்படி பின்னோக்கி மடியுங்கள். மடிப்பில் அடித்துணி எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். வரிவரியாகத் தெரிந்தால் இழை நெருக்கமாக இல்லை, சீக்கிரம் படுத்துவிடும். அடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் நேராக அடியைத் தொட்டால் வேண்டாம். அடர்ந்த, குட்டையான இழையே நீண்ட மெத்தான இழையைவிட உழைக்கும். புசுபுசுவென்று கை புதையும் கார்பெட் கடையில் அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் நடந்த தடமெல்லாம் அதில் படிந்துவிடும்.

அடியில் போடும் அண்டர்லேயில் சிக்கனம் பார்க்காதீர்கள். பழையதை அப்படியே விட்டு மேலே புது கார்பெட் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளமான அண்டர்லே மேல் போட்ட புது கார்பெட்டும் அதே பள்ளத்தில் தேயும். தரைக்கு அடியில் ஹீட்டிங் இருந்தால் கார்பெட்டும் அண்டர்லேயும் சேர்ந்து 2.5 டாக் (சூட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு) தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. தாண்டினால் சூடு மேலே வராது.

மூத்தவனுக்கு வீசிங் இருக்கிறது, கம்பளி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். கம்பளிக்கே அலர்ஜி என்பது அபூர்வம். தொந்தரவு செய்வது பெரும்பாலும் கார்பெட்டில் தங்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியின் (டஸ்ட் மைட்) எச்சம். அது இரண்டு வகை இழையிலும் தங்கும். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்கூம், வீட்டில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே, இவை இரண்டும் உதவும். ஆனால் டாக்டர் தூசிப்பூச்சி அலர்ஜி என்று உறுதியாகச் சொல்லியிருந்தால், அவன் படுக்கும் அறையில் கார்பெட்டே வேண்டாம். மரத்தரையோ வினைலோ போட்டு, துவைக்கக்கூடிய சின்ன விரிப்பு போடுங்கள். இதில் மட்டும் அழகைப் பார்க்காதீர்கள்.

புது கார்பெட்டின் வாடை பெரும்பாலும் இழையிலிருந்து வருவதில்லை, அடியில் பூசும் லேடெக்ஸிலிருந்து வருகிறது. அதனால் கம்பளியிலும் அடிக்கும். போடும் அன்றும் அடுத்த சில நாளும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்தால் குழந்தைகளை வேறு அறையில் படுக்க வையுங்கள். கறை பிடிக்காத பூச்சில் பிஃபாஸ் (PFAS, எளிதில் சிதையாமல் தங்கிவிடும் ரசாயனங்கள்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். பல காலம் அதைத்தான் பூசி வந்தார்கள். இப்போது இல்லாமலே கிடைக்கிறது.

மாடிப்படி பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு: படியின் விளிம்பில்தான் முழு எடையும் விழும். 80 சதவீதம் கம்பளி, 20 சதவீதம் நைலான் கலந்தது அங்கே நன்றாக நிற்கும். கம்பளி எழுந்து நிற்கும், நைலான் தேயாமல் பார்த்துக்கொள்ளும். அடர்ந்த, முறுக்கிய இழையாக வாங்குங்கள். பாலியெஸ்டரைப் படியில் போடாதீர்கள்.

பூனை வளர்ப்பவருக்கு: இழை எதுவானாலும் வளையம் வளையமாக இருக்கும் லூப் வகை வேண்டாம். நகம் ஒரு வளையத்தில் மாட்டினால் வரிசையாகப் பிரிந்து வரும். நுனி வெட்டிய கட் பைல் வாங்குங்கள்.

வாடகை வீட்டில் ஏற்கெனவே விரித்திருப்பது கம்பளியா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டவருக்கு: அலமாரிக்கு உள்ளே, மூலையில், தானாக உதிர்ந்த ஓர் இழையை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கொண்டுபோய், இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டின் மேல் நெருப்பு காட்டுங்கள். தலைமுடி கருகும் வாடை வந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் மிஞ்சினால் கம்பளி. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக இருந்தால் செயற்கை. இரண்டும் கலந்து வந்தால் கலப்பு இழை, அதையும் கம்பளி மாதிரியே பார்த்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் கறைக்கு எதையும் ஊற்ற வேண்டாம், வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

எந்த இழை வாங்கினாலும் முதல் எதிரி மணல்தான். வெளிச் செருப்போடு வரும் மணல் இழையின் அடியில் போய் உட்கார்ந்து, மிதிக்க மிதிக்க அதை அறுக்கும். வாசலுக்கு வெளியே ஒரு மிதியடி, உள்ளே ஒன்று, செருப்பு அதோடு நிற்கட்டும். வாரத்துக்கு இரண்டு முறை வேக்கூம் போடுங்கள். கம்பளி லூப் என்றால் சுழலும் பிரஷை நிறுத்திவிட்டு உறிஞ்சலை மட்டும் வையுங்கள்.

போட்டு முடித்ததும் வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஆட்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பெரிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கம்பளியானால் காற்றுப் புகாத பையில் கட்டி எடுத்து வையுங்கள். நாளைக்கு ஓரிடம் கருகினாலோ கிழிந்தாலோ அந்த அளவுக்கு வெட்டி ஒட்ட அதே சாயத்தில் வேறெங்கும் கிடைக்காது. பில்லும் உத்தரவாதச் சீட்டும் அதோடு இருக்கட்டும். இத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆள் வைத்துக் கழுவியதற்கு ரசீது காட்டினால்தான் உத்தரவாதம் செல்லும் என்று பல கம்பெனிகள் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துவிடுங்கள்.