ஸ்ப்ரே கேனில் கதவுக்கு பெயிண்ட் அடித்தேன், கீறலே பரவாயில்லை என்று ஆகிவிட்டது

கேள்வி

வணக்கம். என் காரின் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு யாரோ உரசிவிட்டுப் போய்விட்டார்கள். வண்டி சில்வர் மெட்டாலிக், ஒன்பது வருடம் ஆகிறது. அப்பா ஓட்டிய வண்டி, அவருக்குப் பிறகு என்னிடம் வந்தது. அதனால்தான் வேறு யாரிடமும் கொடுக்காமல் என் கையாலேயே சரிசெய்ய ஆசைப்பட்டேன்.

அடிப்பூச்சான பிரைமர், கலர், மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் என்று மூன்று கேன் கொண்ட பெட்டி வாங்கினேன். கதவுத் தூணில் இருக்கும் தகட்டைப் பார்த்து கலர் குறியீட்டைச் சரியாகத்தான் சொன்னேன். ஷாம்பு போட்டுக் கழுவி, 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் இரண்டு, கலர் மூன்று, கிளியர் இரண்டு கோட் அடித்தேன். காலையில் மழை விட்டிருந்தது, மாலையில் வேலையை முடித்துவிட்டேன்.

கிளியர் அடித்த சில நிமிடத்தில் மிளகு அளவுக்குக் குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு வளையம், நடுவில் பிரைமர் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பு. கதவின் கீழ்ப்பாதியில் பால் தெளித்த மாதிரி வெள்ளை மூட்டம். டேப்பை உரித்த இடத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படி. நிறமோ, நேரே நின்று பார்த்தால் அந்தக் கதவு மட்டும் கறுத்து, பட்டை பட்டையாகத் தெரிகிறது. மிச்சத்தைப் பெட்ரோல் மூடியில் அடித்திருந்தேன். போன வாரம் இரண்டு சொட்டு பெட்ரோல் பட்டதும் பிசுபிசுவென்று கரைந்து விரலில் ஒட்டிக்கொண்டது.

பெட்டியில் எழுதியிருந்ததை வரி விடாமல் படித்துத்தான் செய்தேன். தப்பு என் கையிலா, கேனிலா? இனி என்ன செய்வது?

பதில் 1

தம்பி, நான் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் பூத்தில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அந்தக் கதவை நேரில் பார்த்த மாதிரியே இருந்தது. உங்கள் கை மேல் பழி போடாதீர்கள்.

குழிகளுக்குக் காரணம் பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் எண்ணெய். ஒன்பது வருடத்தில் அந்தக் கதவுக்கு எத்தனை தடவை பாலிஷ் போட்டிருப்பார்கள்! டயருக்கு அடிக்கிற பளபளப்பு ஸ்ப்ரேயும் காற்றில் வந்து கதவில் படியும். ஷாம்புவுக்கு அது போகாது. போகாமல் உப்புத்தாள் போட்டால் அந்த எண்ணெயைக் கீறலுக்குள்ளேயே தேய்த்து இறக்கிவிடுவோம். நாங்கள் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் கிரீஸ் எடுக்கும் திரவத்தால் துடைப்போம். கையில் இரண்டு துணி இருக்கும். ஒன்றால் நனைத்து, அது காய்வதற்குள் மற்றதால் துடைத்து எடுக்க வேண்டும். காயவிட்டால் அழுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடும்.

வெள்ளை மூட்டம் மழை ஈரத்தால் வந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பெயிண்டில் படிகிறது. கீழ்ப்பாதியில் மட்டும் வந்திருக்கிறது என்றால் தரையில் தண்ணீர் நின்றிருக்கும். சொரசொரப்புக்குக் காரணம், துளிகள் விழுந்து பரவுவதற்குள் காய்ந்துபோவது. கேனை 20, 25 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் பிடித்தாலும் வரும். அடிக்க அடிக்கக் கேன் குளிர்ந்து அழுத்தம் குறைந்தாலும் வரும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், பலர் ஏமாறுவது இங்கேதான். சில்வரில் அலுமினியத் துகள் இருக்கிறது. அது எப்படிப் படுக்கிறதோ அப்படித்தான் நிறம் தெரியும். ஈரமாக அடித்தால் கறுக்கும், தூவி அடித்தால் வெளுக்கும். ஒரே டப்பா பெயிண்டை நானும் நீங்களும் அடித்தால் இரண்டு நிறம் வரும். போதாததற்கு ஒரே கலர் குறியீட்டிலேயே சாயல் வித்தியாசங்கள் உண்டு, ஒன்பது வருட வெயிலும் சேர்ந்திருக்கிறது. அதனால் நாங்கள் கலரைக் கதவோடு நிறுத்துவதில்லை. பக்கத்துப் பேனல், அதாவது அடுத்த தகடு வரை கொண்டுபோய்ச் சன்னமாகக் கரைத்துவிட்டு, கிளியரை முழுப் பேனலுக்கும் அடிப்போம். ஒரு சின்னக் கேனால் அது முடியாது. பெட்டியில் இதை எழுதாமல் விட்டது பெரிய தப்பு என்றே சொல்வேன்.

பெட்ரோலில் கரைந்தது சாதாரணக் கிளியர். அது தின்னர் ஆவியாகிக் காய்வதுதான், உள்ளுக்குள் இறுகுவதில்லை. பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் சேர்ந்த கேன் தனியாக வருகிறது. அடியில் உள்ள ஊசியை அழுத்திக் கலக்கிவிட்டு, குறித்த நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். ஆனால் அதில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அதைத் தொடவே தொடாதீர்கள். ஆஸ்துமா வந்து, தொழிலையே விட்ட ஆட்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்.

பதில் 2

எனக்கு பம்பரில் இதே அனுபவம். பார்க்க அழகாகத்தான் வந்தது. இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது உள்ளங்கை அகலத்துக்கு வெயிலில் உரிந்த தோல் மாதிரி உரிந்து வந்தது. பிளாஸ்டிக் தெரிகிற இடத்தில், பிரைமருக்கு முன்னால் பிடிமானத்துக்கென்றே தனியாக ஒரு கோட் அடிக்க வேண்டுமாம். என் பெட்டியில் அந்தக் கேனே இல்லை. அழாத குறைதான். ஆனால் பக்கக் கண்ணாடியின் கறுப்பு மூடியை அடித்தது இன்றும் அப்படியே இருக்கிறது. சின்னது, கழற்றி எடுக்க முடிந்தது, மெட்டாலிக் இல்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. தரையில் தண்ணீர் நின்றது உண்மைதான்.

நேற்று தின்னர் நனைத்த துணியால் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். நான் அடித்ததெல்லாம் துணியில் வந்துவிட்டது, கம்பெனி பெயிண்ட் அசையவில்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து முழுவதையும் எடுத்துவிட்டேன். இப்போது பழைய கீறலும் வாட்டர் பேப்பர் தேய்த்த தடமும்தான் இருக்கிறது. மனது லேசானது. கலரைப் பூத்திலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தக் கதவைத் திறந்தால் உள் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. ஆயில் மாற்றிய கிலோமீட்டரை அப்பா பேனாவால் எழுதி வைத்தது. அதில் பெயிண்ட் படாமல் இருக்குமா?

பதில் 1

இருக்கும் தம்பி. கலர் உள்ளே போகாமல் கதவு இடுக்கில் நுரை டேப் வைப்போம். ஆனாலும் வண்டியை விடும்போது அந்த ஸ்டிக்கரைக் கையால் காட்டிச் சொல்லிவிடுங்கள். மேலே காகிதம் வைத்து, சுற்றிலும் தள்ளி டேப் ஒட்டச் சொல்லுங்கள். டேப்பின் பசை எழுத்தின்மேல் படக்கூடாது. உரிக்கும்போது மையும் கூடவே வந்துவிடும். அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.