தை பிறந்தால் வெடிப்பும் பிறக்கிறது: மாடிச் சீலிங்கை என்ன செய்வது?

மேப்பிள்நிழல் (பிராம்ப்டன்):

வணக்கம். எங்கள் வீடு 1994இல் கட்டியது. மேல்மாடியில் மாமி படுக்கும் அறையின் ட்ரைவால் (ஜிப்சம் பலகை) சீலிங்கில் இரண்டு வெடிப்புகள். ஒன்று அறையின் நடுவில், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேராக ஆறேழு அடி ஓடுகிறது. மற்றது, நடைபாதைப் பக்கத்துச் சுவரும் சீலிங்கும் சேருகிற மூலையில். அது தை மாதத்தில் ஐந்து சத நாணயம் நுழையும் அளவுக்குத் திறக்கிறது. ஆடிக்குள் தானாகவே மூடிக்கொள்கிறது.

மாமி நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடிதான் படுத்திருக்கிறார். "பிள்ளை, அது வளர்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நம்பாமல், நடு வெடிப்பின் நுனியில் கார்த்திகையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். இப்போது அது புள்ளியைத் தாண்டி நாலு விரல் போய்விட்டது.

போன வருடம் ஒருவர் வந்து இரண்டுக்குள்ளும் ஏதோ வெள்ளைப் பசையைத் தேய்த்து, மேலே பெயின்ட் அடித்து, 280 டொலர் வாங்கிக்கொண்டு போனார். இந்தக் குளிரில் வெடிப்போடு அவருடைய பசையும் சேர்ந்து மாமியின் போர்வையில் உதிர்கிறது. அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. கணவருக்கு இரவு வேலை, பகலில் தூக்கம். ஏணியில் ஏற எனக்குப் பயமில்லை. வீடு இறங்குகிறதோ என்பதுதான் பயம். நானே திருத்தலாமா?

ஏணிப்படி:

அக்கா, வீடு இறங்கினால் கதவுகள் இறுகும், யன்னல் மூலைகளில் சாய்வாக வெடிக்கும். அப்படி ஏதும் உண்டா? இல்லையென்றால் கோக்கிங் (வெடிப்பை அடைக்கும் பசை) குழாய் ஒன்று வாங்கி மூலையில் அடித்துவிட்டு மறந்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

மேப்பிள்நிழல்:

குளியலறைக் கதவு கோடையில் இறுகும். நாங்கள் வந்த நாள்முதல் அப்படித்தான். மற்றபடி ஒன்றும் இல்லை, தம்பி.

பழைய_தட்டுக்காரன்:

தங்கச்சி, 22 வருடம் ட்ரைவால் வேலை செய்தேன். தோள்மூட்டு போன பிறகு விட்டுவிட்டேன். உங்களுக்கு இருப்பது இரண்டு வெவ்வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து பூசியதுதான் வந்தவர் செய்த பிழை.

முதலில் மூலை. அது வெளிச்சுவரில் இல்லை, நடைபாதைச் சுவரில் என்கிறீர்கள். குளிரில் திறந்து கோடையில் மூடுகிறது. இதைக் கேட்டாலே போதும், கூரை ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோண மரச்சட்டம், எழும்புகிறது. ட்ரஸின் கீழ்க்கட்டை இன்சுலேஷனுக்குள் (குளிர் தடுக்கும் படைக்குள்) புதைந்து கிடப்பதால் குளிர்காலத்தில் சூடாக, உலர்ந்து இருக்கும். மேற்கட்டைகள் அட்டிக்கின் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளியின்) குளிரில் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் நீளும். அப்போது கீழ்க்கட்டை நடுவில் வில்லாக வளைந்து மேலே போகும், சீலிங்கையும் கூட்டிக்கொண்டு. நடுச்சுவர் இருந்த இடத்திலேயே நிற்கும். அரை அங்குலத்துக்கு மேல் திறந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வீடு இறங்கவில்லை, பயப்படவேண்டாம். ஊரில் வெடிப்பென்றால் சீமெந்து பூசி முடித்துவிடுவோம். இங்கே வீடு மரம், பருவத்துக்குப் பருவம் அசையும்.

அசைகிற இடத்தில் எதைப் பூசினாலும் கிழியும். ஏணிப்படித் தம்பியின் கோக்கிங்கும் மயிரிழை வெடிப்புக்குத்தான் தாக்குப்பிடிக்கும். நான் சொல்வது, அந்த மூலையில் ஒரு கிரௌன் மோல்டிங், சுவரும் சீலிங்கும் சேருமிடத்தை மறைக்கும் அலங்காரப் பட்டை. ஆணியை சீலிங் பக்கம் மட்டும் அடியுங்கள், சுவரில் ஒன்றுகூட வேண்டாம். சீலிங் ஏறும்போது மோல்டிங்கும் ஏறும், சுவரில் வழுக்கும். அதை வைக்கும் முன், அது மறைக்கப்போகிற சுவர்ப்பகுதிக்கும் சுவர் நிறமே அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தையில் கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். யாராவது அட்டிக்கில் ஏறி ட்ரஸைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கலாம் என்று சொன்னால் விடாதீர்கள். பிறகு ட்ரஸ் சுவரையே தூக்கும்.

நடுவில் ஓடுவது இரண்டு ட்ரைவால் பலகைகள் சேரும் மூட்டு. பலகையின் அகலம் நாலு அடி. ஆறேழு அடி நேராக ஓடுகிறதென்றால் அது நீளப்பக்க மூட்டாகத்தான் இருக்கவேண்டும். உள்ளே மூட்டின்மேல் ஒட்டிய டேப் பிடி விட்டுவிட்டது. வெடிப்பின் இரு பக்கமும் உள்ளங்கையால் மேலே அழுத்திப் பாருங்கள். பலகை ஆடினால், ட்ரஸ் குறுக்கே போகும் இடங்களில் இரு பக்கமும் ஒன்றேகால் அங்குல ட்ரைவால் ஸ்க்ரூ போடுங்கள். தலை சற்றே பதியவேண்டும், காகிதத்தைக் கிழிக்கக் கூடாது. கிழித்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். தண்ணீர் ஒழுகிய பழுப்பு வளையம் எங்காவது இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கூரையைப் பாருங்கள்.

பழைய பசையையும் தளர்ந்த டேப்பையும் கத்தியால் வெட்டி எடுங்கள். இறுக்கமாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை உரிக்கவேண்டும், இரக்கம் காட்டவேண்டாம். பள்ளத்தை நிரப்ப மட் (மூட்டுக்குப் பூசும் பசை) வேண்டும்: பையில் தூளாக வருவது, 90 நிமிட வகை. இது காய்வதில்லை, இறுகுவது, ஆகவே சுருங்குவது குறைவு. பிறகு மட் ஒரு மெல்லிய படை, அதன்மேல் காகித டேப், ஆறு அங்குல அகலப் பூச்சுக் கத்தியால் அழுத்தி வழித்தெடுங்கள். அடியில் மட் இல்லாமல் காய்ந்த டேப் குமிழாக எழும்பும். வலை டேப் ஒட்ட இலகு, ஆனால் அசைவுக்குக் காகிதம்தான் பலம். அதன்மேல் வாளியில் குழைத்தே வரும் மட் இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் முன்னதைவிட அகலமாக, இடையில் ஒரு நாள் காயவிட்டு. கடைசிப் படை ஒரு அடி அகலம் போனாலும் பிழையில்லை. மேடு தெரியாமல் இருப்பது அகலத்தால்தான்.

மாமியை இரண்டு மூன்று நாள் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள். உரசும்போது வரும் தூள் அவருக்கு ஆகாது. ஈர ஸ்பொஞ்சால் தேய்த்தால் தூளே பறக்காது. நேரம்தான் கூட.

கறுவாப்பட்டை (ஸ்கார்பரோ):

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீடு 1973. சீலிங் பாப்கார்ன் பூச்சு (சோளப்பொரிபோலச் சொரசொரப்பானது). இதே முறையில் சுரண்டலாமா?

பழைய_தட்டுக்காரன்:

வேண்டாம். தொடவே வேண்டாம். அந்தக் காலத்துப் பாப்கார்னிலும் மூட்டுக்குப் பூசிய மட் பசையிலும் அஸ்பெஸ்டஸ் (மூச்சில் போனால் ஆபத்தான கல்நார்) இருக்கலாம். அமெரிக்காவில் அப்படிப்பட்ட மட் பசையை 1977இல்தான் தடை செய்தார்கள். கனடாவில் அஸ்பெஸ்டஸுக்குப் பொதுத் தடை வந்தது 2018இல். ஒரு சிறு துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்து முடிவு கையில் வந்த பிறகு மட்டும் ஏணியை எடுங்கள். எங்களோடு வேலை செய்த பழைய ஆட்கள் முகக்கவசமே இல்லாமல் சுரண்டியதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மேப்பிள்நிழல்:

அண்ணா, செய்துவிட்டேன். எட்டு ஸ்க்ரூ போட்டேன், இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டன. முதல் டேப் குமிழ் விட்டது, உரித்துத் திரும்ப ஒட்டினேன். மோல்டிங்கைக் கணவர் ஞாயிற்றுக்கிழமை அடித்துத் தந்தார். சுவரிலும் ஒரு ஆணி அடிக்கப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. இப்போது ஒரே பிரச்சினை: பெயின்ட் அடித்த பிறகும் அந்த இடம் பட்டையாகத் தெரிகிறது. மாமி பகலெல்லாம் அதைத்தான் பார்க்கிறார்.

பழைய_தட்டுக்காரன்:

பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்காமல் பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். மட் பெயின்டைக் குடித்துவிடும். பிரைமர் ஒரு தரம் அடித்துக் காயவிட்டு, சீலிங் முழுவதற்கும் மினுக்கமில்லாத பெயின்ட் அடியுங்கள். ஒட்டிய இடத்துக்கு மட்டும் அடித்தால் என்ன செய்தாலும் தெரியும். கடைசி உருளை யன்னலிலிருந்து உள்நோக்கி, வெளிச்சம் விழும் திசையிலேயே போகட்டும்.