திறப்பைத் திருப்பினால் ஒரேயொரு "டக்", எஞ்சின் சுற்றவே இல்லை: கொரோலா 110 ஓட்டோ

வெள்ளவத்தை 110:
வணக்கம். டொயோட்டா கொரோலா 110, 5ஏ பெற்றோல் எஞ்சின், ஓட்டோ கியர். மூன்று கிழமையாக இந்தத் தொல்லை. திறப்பைத் திருப்பினால் எஞ்சின் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நாலைந்து தரம் திருப்பினால் ஒரு தரம் சட்டென்று பிடிக்கும். பிடித்த பிறகு ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. இப்போது பத்துப் பன்னிரண்டு தரம் திருப்ப வேண்டியிருக்கிறது.

பற்றரி போட்டு எட்டு மாதம். டேஷ்போர்ட் லைட் எரிகிறது, ஹோர்ன் நன்றாக அடிக்கிறது. வீடு கடற்கரைப் பக்கம், கார் வெளியில்தான் நிற்கும்; பற்றரி முனையில் பச்சையாகப் பூத்திருக்கிறது. கராஜில் மீட்டர் ஒன்றும் வைத்துப் பார்க்காமலே எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டரை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள். காசைக் கொட்ட முன் நான் என்ன பார்க்கலாம்? மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது.

கிராண்ட்பாஸ் வயரிங்:
சத்தத்தைச் சரியாகச் சொன்னதே பாதி வேலை தம்பி. நம் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "ஸ்டார்ட் ஆகல" என்று ஒரே சொல்லைச் சொல்வார்கள். எஞ்சின் சுற்றியும் பிடிக்காதது வேறு, சுற்றவே சுற்றாதது வேறு. உங்களுடையது இரண்டாவது. ஆகவே பெற்றோல், பிளக், ஃபில்டர் பக்கம் போகவே வேண்டாம்.

சுற்றாததிலும் மூன்று விதம். "டக டக டக டக" என்று வேகமாக அடித்தால் பற்றரி இறங்கியிருக்கிறது, அல்லது முனை லூஸ். சொலனோய்ட் (ஸ்டார்ட்டரில் இருக்கும் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டருக்குக் கரண்ட் போனதும் வோல்ட் விழுகிறது, சொலனோய்ட் விட்டுவிடுகிறது, வோல்ட் ஏறுகிறது, திரும்ப இழுக்கிறது. ஒரு சத்தமும் இல்லையென்றால் திறப்பிலிருந்து ஸ்டார்ட்டருக்கு வரும் சின்ன வயரில் கரண்ட் இல்லை: ஃபியூஸ், திறப்பு சுவிட்ச், ரிலே, ஓட்டோ கியரில் நியூட்ரல் சுவிட்ச் (பார்க்கிலோ நியூட்ரலிலோ மட்டும் ஸ்டார்ட் பண்ண விடுவது). அழுத்தமாக ஒரே "டக்" என்றால் சொலனோய்ட் இழுத்துப் பிடித்திருக்கிறது, ஆனால் மோட்டர் சுற்றவில்லை. கேபிள், எர்த் (பற்றரி நெகட்டிவ்வுக்கும் எஞ்சினுக்கும் உள்ள இணைப்பு), சொலனோய்டுக்குள் இருக்கும் செப்புக் கொன்டக்ட், மோட்டரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ், கடைசியாக எஞ்சினே இறுகியது, இவற்றுக்குள் ஒன்று.

இரவில் பொனெட்டைத் திறந்துவிட்டு ஹெட்லைட்டைப் போட்டுத் திறப்பைத் திருப்புங்கள். லைட் அணைந்தே போனால் பற்றரி அல்லது முனை. நன்றாக மங்கினால் கரண்ட் போகிறது, மோட்டரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். லைட் அசையவே இல்லையென்றால் மோட்டருக்குக் கரண்ட் போகவில்லை. பற்றரி வோல்ட்டையும் இரண்டு விதமாக எழுதி வையுங்கள், சும்மா நிற்கும்போது ஒன்று, "டக்" கேட்கும் நேரத்தில் ஒன்று.

தெஹிவளை சந்தி:
பச்சைப் பூ என்றால் எர்த் தான். கடல் காற்றுக்கு வேறென்ன வரும். மீட்டரை ஓம்ஸில் வைத்து நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் புளொக்குக்கும் பாருங்க. பூச்சியம் காட்டினால் எர்த் ஓகே, இல்லாட்டி புது எர்த் வயர் போடுங்க.

கிராண்ட்பாஸ் வயரிங்:
சந்தேகப்பட்ட இடம் சரி, பார்க்கும் முறை சரியில்லை. கேபிளில் ஒரு நூல் மட்டும் மிஞ்சியிருந்தாலும் ஓம்ஸ் மீட்டர் பூச்சியம் என்றுதான் காட்டும். ஸ்டார்ட்டர் இழுப்பது நூறு அம்பியருக்கு மேல். 0.01 ஓம் தடை, மீட்டர் கண்ணுக்கே தெரியாதது, 150 அம்பியர் போகும்போது 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும்.

வோல்ட் டிசி 20இல் வையுங்கள். ஒரு புரோப் பற்றரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில் (கிளிப்பில் அல்ல), மற்றது எஞ்சின் புளொக்கில் துருவோ பெயின்ட்டோ இல்லாத இரும்பில். இன்னொருவர் திறப்பைத் திருப்பட்டும். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பொசிட்டிவ் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய முனைக்கும் அதேபோல, அங்கே 0.5க்குள் இருக்க வேண்டும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கரண்ட் ஓடாவிட்டால் இந்த அளவு எப்போதும் நல்லதாகவே காட்டும். ஹெட்லைட் சோதனையை முதலில் சொன்னது அதற்குத்தான்.

வெள்ளவத்தை 110:
பார்த்தேன். காலையில் சும்மா நிற்கும்போது 12.54. "டக்" கேட்கும்போது 12.31. ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை. நியூட்ரலில் வைத்தும் அதே "டக்". நெகட்டிவ் குமிழிலிருந்து புளொக்குக்கு 0.05.

கிராண்ட்பாஸ் வயரிங்:
12.54 என்றால் முழுச் சார்ஜுக்குக் கிட்ட. 12.6 அல்லது அதற்கு மேல் முழுது, 12.4 முக்கால், 12.2 அரை, 12.0 கால்வாசி. நிறுத்திய உடன் பார்த்தால் மேலாகக் காட்டும். இரவு நின்ற பிறகு பார்ப்பதுதான் சரி.

உங்கள் பதில் இரண்டாவது எண்ணில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் நிஜமாகச் சுற்றினால் பற்றரி 10, 11 வோல்ட்டுக்கு இறங்கும். (9.6க்குக் கீழே போனால் பற்றரியைச் சந்தேகிக்கலாம்.) உங்களுடையது 0.23தான் இறங்கியது. அது சொலனோய்ட் சுருள் மட்டும் இழுக்கும் கரண்ட். எஞ்சின் இறுகியிருந்தால் வோல்ட் இதைவிடப் பயங்கரமாக விழுந்திருக்கும். ஆகவே எஞ்சினும் இல்லை, பற்றரியும் இல்லை, நியூட்ரல் சுவிட்சும் இல்லை.

இன்னும் மூன்று இடம் பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு புரோப் ஸ்டார்ட்டர் உடம்பில், திறப்பு திருப்பியபடி. சின்ன வயர் முனை (அதன் எண் 50): 8 வோல்ட்டுக்கு மேல் வர வேண்டும். பற்றரி கேபிள் வரும் பெரிய முனை (எண் 30): பற்றரியில் இருப்பதுக்குக் கிட்ட. சொலனோய்டிலிருந்து மோட்டருக்குள் போகும் தடித்த வயரின் முனை: இங்கேதான் தீர்ப்பு. அங்கே 11, 12 வந்தும் சுற்றாவிட்டால் பிரஷ் அல்லது ஆர்மேச்சர் (மோட்டருக்குள் சுற்றும் பாகம்). ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக வந்தால் உள்ளே கொன்டக்ட் சேரவில்லை.

கியர் பார்க்கில், ஹேண்ட்பிரேக் இழுத்து, கையும் சட்டையும் ஃபேன் பெல்ட்டுக்குத் தள்ளி. உங்கள் கார் எந்த நிமிடமும் பிடித்துவிடக் கூடியது.

மாளிகாவத்தை நானா:
ஸ்க்ரூ டிரைவரால் பெரிய முனையையும் சின்ன முனையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு செக்கனில் தெரிந்துவிடுமே. இவ்வளவு மீட்டர் எதற்கு?

கிராண்ட்பாஸ் வயரிங்:
நானா, அது "டக்" சத்தமே வராத காருக்குப் பொருந்தும். சின்ன வயரைத் தாண்டி நேரே கொடுக்கிறோம், சுற்றினால் குற்றம் திறப்புப் பக்கம். இவருக்கு "டக்" வருகிறது, சின்ன வயர் வேலை செய்கிறது, சேர்த்தாலும் அதே "டக்" தான் வரும். செய்வதென்றாலும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், வழுக்கிக் காரின் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். ஃபியூஸ் போட்ட வயரால் கொடுக்கலாம். நியூட்ரல் சுவிட்ச் அப்போது காவல் இல்லை, கியரில் நின்றால் கார் பாயும்.

சுத்தியலால் தட்டுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் தேய்ந்த பிரஷ் சில நேரம் சேரும், வீடு போய்ச் சேரலாம். ஓங்கி அடித்தால், நிரந்தரக் காந்தம் வைத்த ஸ்டார்ட்டர்களில் காந்தம் வெடித்து, சின்னக் குற்றம் பெரியதாகும். ஓட்டோ கியர் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று யாரும் சொல்லவில்லை, நல்லது.

வெள்ளவத்தை 110:
50இல் 11.2. 30இல் 12.2. மோட்டருக்குப் போகும் முனையில் 0.5. மூன்று தரம் பார்த்தேன், அதேதான்.

கிராண்ட்பாஸ் வயரிங்:
கொன்டக்ட். சந்தேகமில்லை. அந்த 0.5கூட சொலனோய்ட் சுருள் மோட்டர் வழியாக எர்த்துக்குப் போவதால் வருவது.

இந்த வகை டென்சோ ஸ்டார்ட்டரின் பழைய நோய் இது. உள்ளே இரண்டு செப்புக் கொன்டக்ட். உலக்கையில் (சொலனோய்ட் இழுக்கும் இரும்புத் தண்டு) ஒரு செப்புத் தட்டு வந்து இரண்டையும் பாலம் போல் இணைக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் அங்கே பொறி பறந்து செப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், அதுவும் பற்றரிப் பக்கக் கொன்டக்ட் முதலில். ஒரு நாள் தட்டு ஒரு பக்கம் தொட்டும் மறுபக்கம் தொடாமல் நிற்கும். தட்டு ஒவ்வொரு தரமும் கொஞ்சம் சுழன்று வேறிடத்தில் விழும். பத்தாவது தரம் உங்களுக்குப் பிடிப்பது அதனால்தான்.

இப்படியே ஓட்டாதீர்கள். தேய்ந்த கொன்டக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் எஞ்சின் பிடித்த பிறகும் ஸ்டார்ட்டர் விடாமல் சுற்றும். திறப்பை எடுத்தாலும் நிற்காது, பற்றரியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

மாளிகாவத்தை நானா:
பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் "ஸ்டார்ட்டர் கொன்டக்ட் செட்" என்று கேளுங்க, முழு ஸ்டார்ட்டர் விலையில் சின்னப் பங்குதான். ஆனால் பழையதைக் கழற்றிக் கையில் கொண்டு போங்க, இரண்டு பக்கமும் ஒரே வடிவம் இல்லை, மொடலுக்கு மொடல் மாறும். ஒரு காந்தத் துண்டையும் கொண்டு போங்க. செப்பு காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் இரும்புக்கு மேலே செப்பு பூசியது, வேண்டாம். உலக்கையின் தட்டும் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்க, புதுக் கொன்டக்டில் பழைய தட்டு சரியாக உட்காராது.

கிராண்ட்பாஸ் வயரிங்:
காந்தம் நல்ல யோசனை.

வேலை இப்படி. பற்றரியின் நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள், திரும்ப மாட்டும்போது அது கடைசி. ஸ்டார்ட்டரின் பெரிய முனை எப்போதும் உயிரோடு இருப்பது. இதை மறந்தால் ஸ்பனர் காரின் உடம்பில் பட்டு உருகி ஒட்டிக்கொள்ளும். காரைத் தூக்க வேண்டி வந்தால் ஸ்டாண்ட் வையுங்கள், ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

ஸ்டார்ட்டரை வெளியே எடுத்து சொலனோய்ட் மூடியின் மூன்று போல்ட்டையும் கழற்றினால் உலக்கையும் ஸ்பிரிங்கும் வரும். அந்த நிலையில் ஃபோனில் ஒரு படம். கொன்டக்ட் போல்ட்டில் இருக்கும் இன்சுலேட்டர், வாஷர், ஓ-ரிங் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் பேப்பரில் அடுக்குங்கள். இன்சுலேட்டர் ஒன்று மாறினால் பெரிய முனை நேரே உடம்பில் பட்டு ஷோர்ட் ஆகும்.

புதுக் கொன்டக்ட் போட்டு நட்டை முழுதாக இறுக்க முன் உலக்கையை உள்ளே விட்டு அழுத்துங்கள். தட்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், படுக்கையாகத் தொட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள்: நட்டை இறுக்கும்போது கொன்டக்ட் கொஞ்சம் திரும்பும், ஒரு ஓரம் மட்டும் தொடும், ஆறு மாதத்தில் அதே "டக்". கொன்டக்டைப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். செப்பில் கிரீஸ் பூச வேண்டாம். கையோடு கார்பன் பிரஷ்ஷின் நீளத்தையும் பாருங்கள், குட்டையாகியிருந்தால் இப்போதே மாற்றுவதுதான் மலிவு.

காரில் பூட்ட முன் தரையில் சோதியுங்கள். ஸ்டார்ட்டரைக் காலால் அழுத்திப் பிடித்து, ஜம்ப் கேபிளின் நெகட்டிவ் உடம்பில், பொசிட்டிவ் பெரிய முனையில், பிறகு ஒரு வயரால் சின்ன முனையைத் தொடுங்கள். பினியன் (முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) வெளியே பாய்ந்து சுற்ற வேண்டும். ஐந்து செக்கன் போதும். துள்ளும், கவனம்.

பச்சைப் பூவையும் விடாதீர்கள், இன்றைக்கு அது குற்றவாளி இல்லையென்றாலும். சுடுநீரில் அப்பச்சோடா கலந்து ஊற்றித் தேய்த்து, காயவிட்டு, கிளிப்பை இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாசலீன்.

நுகேகொட அக்வா:
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையது டொயோட்டா அக்வா ஹைபிரிட். அதில் இப்படி வந்தாலும் இதே கொன்டக்டா?

கிராண்ட்பாஸ் வயரிங்:
இல்லை அக்கா. அக்வாவில் இப்படியான ஸ்டார்ட்டர் மோட்டரே கிடையாது. ஹைபிரிட் மோட்டர்தான் எஞ்சினைச் சுற்றும். அங்கே சின்ன 12 வோல்ட் பற்றரி கொம்பியூட்டர்களை எழுப்பத்தான், எஞ்சினைச் சுற்ற அல்ல. "ரெடி" வராமல் லைட்டுகள் மங்கி மினுங்கினால் முதலில் அந்தப் பற்றரியை அளங்கள். செம்மஞ்சள் கேபிள் பக்கம் கை வைக்க வேண்டாம், அது உயர் வோல்ட். பக்கத்து வீட்டுக் காரை அக்வாவிலிருந்து ஜம்ப் பண்ணவும் கொடுக்காதீர்கள், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட்டைத் தாங்க அது செய்யப்படவில்லை.

வெள்ளவத்தை 110:
மாற்றியாச்சு. பற்றரிப் பக்கக் கொன்டக்டில் பாதிச் செப்பு இல்லை, மற்றது கிட்டத்தட்ட நல்லது. தட்டிலும் ஒரு வட்டப் பள்ளம், அதையும் மாற்றினேன். முதல் கடையில் காட்டியது காந்தத்தில் ஒட்டியது, இரண்டாவது கடையில் வாங்கினேன். இப்போது தொட்டவுடன் பிடிக்கிறது. சுற்றும்போது பற்றரி 10.7, ஓடும்போது 14.1. பிரஷ் நீளம் இருந்தது, விட்டுவிட்டேன்.

கிராண்ட்பாஸ் வயரிங்:
14.1 நல்லது, அல்டனேட்டரும் சரி. பழைய கொன்டக்ட் இரண்டையும் எறியாதீர்கள். அடுத்த தரம் கடைக்கு வடிவம் காட்ட ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டியிருக்காது.