படுக்கையறைக் குறையை அப்போதே சொல்வதா, மறுநாள் காலை சொல்வதா?

ஈசூன் வாசகி:
"கூடலின்போது பிடிக்காதது எதுவாயினும் மனைவி அந்நேரத்தில் வாய் திறக்கக் கூடாது, மறுநாள் காலை பாராட்டில் தொடங்கிப் பக்குவமாகச் சொன்னால்தான் கணவன் மனம் நோகாது" என்று தெம்பனிஸ் பாரி நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிள்ளை பெற்றபின் வலியை வெளியில் சொல்லாமல் மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பெண்களைத் தாதியான நான் பார்த்திருக்கிறேன். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் உறுப்பு வறண்டு எரிச்சல் உண்டாவது இயல்பு. கணவன் தோளில் கைவைத்து "வலிக்கிறது, நிறுத்துங்கள்" என்று சொல்ல மறுநாள் காலை வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

தெம்பனிஸ் பாரி:
அம்மா, வலியைப் பற்றி நான் எழுதவே இல்லை. விருப்பு வெறுப்பைப் பற்றித்தான் எழுதினேன். அந்நேரத்தில் "இப்படியில்லை" என்று ஒரு சொல் விழுந்தால் ஆண் கூனிக் குறுகிவிடுவான். அடுத்த முறை அதே அச்சமே அவனை இயலாதவனாக்கிவிடும். அதனால்தான் மறுநாள் காலை என்றேன்.

ஈசூன் வாசகி:
"எதுவாயினும்" என்று எழுதியவர் நீங்கள்தான். தைப்பூசக் காவடி பற்றிய விவாதத்திலும் எழுதிவிட்டு, பிறகு எழுதவே இல்லை என்று சாதித்தீர்கள். நீங்கள் சொல்லும் அந்த அச்சத்துக்கே மருந்தாகத்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். உடலுறவை ஒதுக்கிவைத்துத் தொடுதலை மட்டும் பழகும் அப்பயிற்சியில், துணையின் கைமேல் தன் கையை வைத்து, எங்கே, எவ்வளவு அழுத்தமாக என்பதை அக்கணமே உணர்த்துகிறார்கள். மறுநாள் காலை யாருடைய கையை எங்கே வைப்பது?

செங்காங் புதுமாப்பிள்ளை:
எங்கள் மூவறை வீவக (சிங்கப்பூர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மறுநாள் காலை பேச இடமே இல்லை. அடுப்படியில் அம்மா தோசை சுடுகிறார், கூடத்தில் அப்பா நாளிதழ் படிக்கிறார். இரவிலும் மின்விசிறிச் சத்தத்துக்குள் அடங்கும்படிதான் பேச வேண்டியிருக்கிறது.

தெம்பனிஸ் பாரி:
நீங்கள் தனிக்குடித்தனம் போகாததற்கு என் கருத்து பொறுப்பாகாது, தம்பி.

செங்காங் புதுமாப்பிள்ளை:
முன்பதிவு செய்தபின் கட்டித்தரப்படும் பிடிஓ வீட்டுக்குக் காத்திருப்பவனைக் குத்திக்காட்டுவது தங்கள் வயதுக்கு அழகல்ல, அண்ணே. பெற்றோரை உடன் வைத்திருப்பது எங்களுக்குப் பெருமையே தவிரக் குறையன்று.

உட்லண்ட்ஸ் மூத்தவர்:
குறளின் இன்பத்துப்பால் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்னும் 3 அதிகாரங்களோடுதான் நிறைவுறுகிறது. தன் குறையை ஊடலால் உணர்த்தத் தெரிந்த பெண்ணுக்கு இரவும் காலையும் எதற்கு?

ஈசூன் வாசகி:
ஐயா, மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டால் காரணம் தாமதமாக வந்ததா, தொட்ட விதமா என்று கணவன் எப்படி அறிவான்? சிங்கப்பூரில் திருமணம் ஆனவன் என்பதற்காகவே கணவனுக்கு வன்புணர்ச்சிக் குற்றத்திலிருந்து கிடைத்துவந்த விலக்கு 2020 ஜனவரி 1 முதல் அடியோடு நீக்கப்பட்டுவிட்டது. "வேண்டாம்" என்பதை அந்தக் கணத்தில் சொல்லும் உரிமையைச் சட்டமே மதிக்கும்போது, பாரி மட்டும் மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கச் சொல்கிறார்.

தெம்பனிஸ் பாரி:
பிடித்தம் பற்றிய பேச்சில் குற்றவியல் சட்டத்தை இழுக்கிறீர்கள். 22 ஆண்டு இல்லறம் நடத்துகிறேன். என் மனைவி இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

ஈசூன் வாசகி:
22 ஆண்டுகளில் ஒரு மறுநாள் காலைகூடவா அவருக்கு வாய்க்கவில்லை? சொல்லாமலிருப்பது நிறைவுக்குச் சான்றாகாது. நீரிழிவால் விறைப்புக் குறைந்த கணவரிடம் மனைவி வாய் திறக்காததால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறவர்கள் உண்டு.

தெம்பனிஸ் பாரி:
நீரிழிவைப் பற்றித் தனி விவாதம் தொடங்குங்கள், அம்மா. நான் நலமாக இருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். அவர்களுக்கு மறுநாள் காலைதான் சரி.