ஆன்டிபயாடிக் எச்சத்தை எங்கே அகற்றுவது: ஆலை வாசலிலா, நகரச் சுத்திகரிப்பு நிலையத்திலா?

தெளிநீர்:
ஐதராபாத்தை ஒட்டிய படான்சேருவில், ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரித்த பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததை 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாத்திரையை வழக்கமான அளவில் விழுங்கிய நோயாளியின் இரத்தத்தில் உச்சமாகச் சேர்வதே லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம்தான் என்பதை நினைத்தால் இதன் தீவிரம் புரியும். நம் நகரங்களின் கழிவுநீர் நிலையங்கள் கரிமப் பொருளையும் நைட்ரஜனையும் குறைக்க வடிவமைக்கப்பட்டவை. இத்தகைய மூலக்கூறுகளை அகற்ற வடிவமைக்கப்பட்டவை அல்ல. சுவிட்சர்லாந்தில் 2016 முதல் சட்டமே இருக்கிறது. ஓசோனையோ, மாசை ஈர்த்துப் பிடிக்கும் செயலூட்டப்பட்ட கரியையோ கொண்டு நுண்மாசுகளில் 80 விழுக்காட்டை நீக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்த நிலையங்களுக்கு விதித்து, அதற்காக ஆளுக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை வசூலிக்கிறார்கள். இந்தியப் பெருநகரங்களும் இந்த வழியில் போக வேண்டும் என்பது என் கருத்து. நாம் உட்கொள்ளும் அமாக்சிசிலினில் பாதிக்கு மேல் மாறாமல் சிறுநீரில் வெளியேறுவதால், ஆலைகளை மட்டும் கட்டுப்படுத்துவது போதாது.

நுண்ணோக்கி:
தெளிநீர் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அவர் காட்டும் நோய்க்கு இந்த மருந்து பொருந்தாது. சுவிட்சர்லாந்தில் அந்த 80 விழுக்காட்டை அளக்கப் பயன்படுத்தும் 12 வேதிப்பொருள்களில் ஆன்டிபயாடிக் ஒன்றே ஒன்றுதான், கிளாரித்ரோமைசின். மற்றவை வலி, இரத்த அழுத்தம், மனநலம் போன்றவற்றுக்கான மருந்துகளும், துருத்தடுப்பான்களும் ஆகும். மேலும், ஓசோன் தனக்கு எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் தாக்கும். ஏற்கெனவே நன்கு சுத்திகரித்த, கரிமம் லிட்டருக்குச் சில மில்லிகிராம் மட்டுமே உள்ள நீரில் அது சிறப்பாக வேலை செய்கிறது. ஆலைக் கழிவின் கரைப்பான்களுக்கு நடுவே விட்டால் மருந்தைத் தொடுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். நீரில் புரோமைடு இருந்தால், புற்றுநோய் ஐயத்துக்குரிய புரோமேட்டும் உருவாகும்.

ஆனால் என் முதன்மையான மறுப்பு வேறு. படான்சேரு நிலையத்தில், நுண்ணுயிர்களுக்கு உணவாகட்டும் என்று மனிதக் கழிவுநீரையும் ஆலைக் கழிவோடு கலந்தார்கள். பின்னர், 18 கிலோமீட்டர் குழாய் பதித்து, அந்த நீரை அம்பர்பேட்டை நகர நிலையத்துக்குக் கொண்டுபோய் அங்கும் சாக்கடையோடு கலந்தார்கள். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாவும் அதைக் கொல்லும் மருந்தும், வெதுவெதுப்பான, உணவு நிறைந்த தொட்டியில் ஒன்றாகத் தங்கினால், பிழைத்து நிற்பவை மருந்து எதிர்ப்பு மரபணு கொண்டவையே. 2013-இல் வெளியான ஆய்வு, படான்சேரு நிலையத்தில் பிரித்தெடுத்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்கவில்லை என்று காட்டியது. மருந்தை நகர நிலையம் வரை வரவிட்ட பிறகு அகற்றுவது, எதிர்ப்பு உருவான பிறகு அகற்றுவதாகும்.

கொதிகலன்:
நான் மருந்து மூலப்பொருள் ஆலையில் உற்பத்திப் பிரிவில் பணியாற்றியவன். மருந்து எந்த இடத்தில் நீருக்குள் போகிறது என்பதைச் சொல்லாமல் இந்த விவாதம் நகராது. ரியாக்டர் என்ற வினைக்கலனில் படிகமாக்கிய சரக்கை சென்ட்ரிஃபியூஜில் இறக்கிச் சுழற்றும்போது, துணிப்பையில் வெளிர்மஞ்சள் தூள் தங்கும். மதர் லிக்கர் என்று நாங்கள் சொல்லும், வடிந்து போகும் திரவத்தில் கரைந்த மருந்து மிச்சமிருக்கும். அடுத்த தொகுதிச் சரக்குக்கு முன்னால் அந்தத் துணியையும் ரியாக்டரின் உட்சுவரையும் கழுவும் முதல் நீரில்தான் எஞ்சியதில் பெரும்பகுதி போகிறது. மதர் லிக்கரையும் இந்த முதல் கழுவுநீரையும் தனியாகப் பிடித்தால், கையாள வேண்டியது சிறு அளவே. குளிர்விப்புக் கோபுரத்து நீரோடும் கழிப்பறை நீரோடும் கலந்துவிட்டால் எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது. இதுவரை நுண்ணோக்கியோடு எனக்கு வேறுபாடு இல்லை.

வேறுபடுவது, ஆலைக் கழிவில் மருந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று அரசு விதிக்கும் எண் வரம்பில். 2020 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு, 100-க்கும் மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளுக்கு ஆலைக் கழிவில் வரம்பு விதித்தது; 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. நீக்கியது சரியென்றே நினைக்கிறேன். அத்தனை மருந்துகளை நானோகிராம் அளவில் கண்டறியும் கருவியும் ஆளும், மாதந்தோறும் சரக்கு மாற்றும் சிறு ஆலைக்கு எட்டாதவை. சீன விலையோடு போட்டியிட முடியாமல் பென்சிலின்-ஜி ஆலைகள் மூடப்பட்டு, 2020-இல் ஊக்கத்தொகை அறிவித்து அவற்றை மீட்க அரசு முயன்ற வரலாறும் நம் முன் இருக்கிறது. தெலங்கானாவில் பல ஆலைகள் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையில்தான் இயங்குகின்றன. வெளியே வராத நீருக்கு எதற்கு வரம்பு?

நுண்ணோக்கி:
ஒரு சொட்டும் வெளியே வரவில்லை என்றால், அந்த ஆலைக்கு வரம்பால் ஒரு ரூபாய் செலவும் இல்லை. வரம்பை எதிர்க்க வேண்டிய தேவை எங்கிருந்து வருகிறது என்பதை நண்பர் விளக்க வேண்டும். நீரை வெளியே விடாமல் இருக்க இத்தகைய ஆலைகள் பயன்படுத்தும் ஆர்.ஓ. வடிகட்டிச் சவ்வு மருந்தை அழிப்பதில்லை, செறிவாக்குகிறது. ஆவியாக்கியில் கொதிக்கவைத்தால் மிஞ்சும் உப்பிலும் கசடிலும் அது தங்கும். அந்த உப்பு மழையில் நனையும் முற்றத்தில் கிடந்தாலும், இரவில் டேங்கர் ஓடைக்குப் போனாலும், காகிதத்தில் வெளியேற்றம் பூஜ்ஜியமாகவே இருக்கும்.

செலவையும் மருந்து வாரியாகப் பார்க்க வேண்டும். பென்சிலின் வகைகளின் செயலே அவற்றின் நான்கணு வளையத்தில் இருக்கிறது. காரம் சேர்த்துச் சூடேற்றினால் வளையம் உடைந்து, மூலக்கூறு செயலற்றுப்போகும். சுண்ணாம்பும் நீராவியும் இல்லாத ஆலை எது?

தெளிநீர்:
பென்சிலினுக்கு அது சரி. சிப்ரோஃப்ளாக்சசின் அப்படி உடையாதே? உயிரியல் தொட்டியில் அது சிதையாமல் கசடில் ஒட்டிக்கொள்கிறது என்பதால், நீர் தெளிந்ததுபோல் தோன்றினாலும் கசடை உரமாக வயலில் கொட்டினால் மருந்து மண்ணுக்குத்தான் போகிறது.

கொதிகலன்:
உண்மை, சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்த ஃப்ளூரோகுயினோலோன் வகை மருந்துகளின் கருவளையம் காரத்துக்கு அசையாது. தனியாகப் பிடித்த முதல் கழுவுநீரைச் செயலூட்டப்பட்ட கரியின் வழியே விட்டு, அந்தக் கரியையும் மதர் லிக்கரையும் உயர்வெப்பத்தில் எரிப்பதே நம்பத்தக்க வழி. செலவு உண்டு, ஆனால் அளவு சிறியது என்பதால் தாங்கலாம்.

நான் அஞ்சுவது லிட்டருக்கு இவ்வளவு என்று வைக்கும் வரம்பை. அதை நிறைவேற்ற மலிவான வழி ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி நீர்ப்பதுதான். ஓடைக்குப் போகும் மருந்தின் மொத்த எடை அப்படியே இருக்கும், நிலத்தடி நீரும் காலியாகும். ஒரு கிலோ சரக்குக்கு இத்தனை கிராம் எச்சம் மட்டுமே வெளியேறலாம் என்று விதித்து, தொகுதிப் பதிவேட்டைக் கொண்டு கணக்கிடச் சொன்னால், மூலப்பொருள், விளைச்சல், எரித்தது எல்லாம் ஏற்கெனவே எழுதப்படுவதால், சிறு ஆலையும் அதைச் செய்யும்.

நுண்ணோக்கி:
எடைக் கணக்கை ஏற்கிறேன். 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் அதற்கு இடமிருக்கிறது. ஆனால் கணக்கு ஆலையின் பீரோவுக்குள் இருக்கக் கூடாது. ஆண்டுக்கொருமுறையேனும் வெளியார் வந்து, ஆலைக்குக் கீழ்ப்புறமுள்ள ஓடை நீரையும் வண்டலையும் எடுத்துச் சோதித்து, முடிவை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். நார்வே, மருத்துவமனைகளுக்கான ஆன்டிபயாடிக் கொள்முதலில் 2019 முதல் விலையோடு சூழல் காப்புக்கும் மதிப்பெண் போடுகிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் போன்ற பெரிய அரசு வாங்குநர்களும் டெண்டரில் இதைக் கேட்கலாம்.

கொதிகலன்:
டெண்டரில் கேட்பதானால், குறைந்த விலைக்காரருக்கே ஆணை என்ற விதியையும் அதே டெண்டரில் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கரிக்கும் எரிப்புக்கும் செலவிட்ட ஆலை தோற்று, டேங்கரை இரவில் அனுப்பும் ஆலை ஆணையைப் பெறும். அந்த மாற்றத்தோடு வருமானால், வெளியார் சோதனைக்கும் முடிவை வெளியிடுவதற்கும் எனக்கு மறுப்பில்லை.